ஆகஸ்ட் 24, ஒரு நாள் முன்பின்

மார்ச் 4, சனி

நூல் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி பீரோவில் சும்மா கிடந்தது. இன்று எடுத்துவிட்டேன். மனதில் இருப்பதைக் கொட்டுவதற்கு இல்லை, எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது. கேள்விகளைக் குறித்து வைக்க ஒரு நோட்டு வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனியில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்பீக்கரில் பாட்டுப் போடுவார்கள். இந்த வாரம் பாட்டுப் பெட்டி பழுதாகிவிட்டது. மேனேஜர் கனகசபாபதி என் டேபிளுக்கு வந்து, "மணியக்கா, வேலை செய்யறப்ப எந்நேரமும் எதையாச்சு விளக்கிக்கிட்டே இருப்பீங்கல்ல, அதையே மைக்குல சொல்லுங்க. பத்து நிமிசம்" என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். நான் நிஜமாகவே போய் மைக்கைப் பிடித்துவிட்டேன்.

முதல் கேள்வி தையல் லைனிலிருந்து வந்தது. துணி நனைந்தால் ஏன் நிறம் அடர்த்தியாகத் தெரிகிறது? சொன்னேன். காய்ந்த துணியில் படும் வெளிச்சம் நூலில் பட்டு உடனே நம் கண்ணுக்குத் திரும்பிவிடுகிறது. நனைந்த துணியில் தண்ணீர் அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. நூலுக்கும் தண்ணீருக்கும் நடுவே அலைந்து பாதி வெளிச்சம் உள்ளேயே தங்கிவிடும். திரும்பி வருவது குறைவு, அதனால் கறுப்பாகத் தெரிகிறது. பத்து நிமிடம் பேசினேன். நூற்றெண்பது பேர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்கள்.

சுகந்தாமணி, வயது நாற்பத்து மூன்று, மெஷர்மெண்ட் செக்கிங். முதல் பக்கத்தில் பெயர் எழுதும் இடத்தில் இப்படித்தான் எழுதியிருக்கிறேன். தைத்து வரும் ஒவ்வொரு பனியனையும் விரித்து, இஞ்ச் டேப்பால் நெஞ்சும் நீளமும் கையும் அளந்து, சார்ட்டோடு ஒத்துப் பார்ப்பது என் வேலை. ஒவ்வொரு அளவுக்கும் டாலரன்ஸ் உண்டு. நீளம் என்றால் ஒரு சென்டி முன்பின் இருக்கலாம். அதற்கு மேல் போனால் யார் தைத்தது என்றுகூடப் பார்க்காமல் திருப்பிவிடுவேன். பதினான்கு வருடத்தில் என் டேபிளைத் தாண்டிப்போய்க் கப்பலில் திரும்பி வந்த பீஸ் ஒன்றுகூட இல்லை.

கம்பெனியில் எனக்கு 'பி.எஸ்சி. மணியக்கா' என்று பெயர். பிசிக்ஸ் படித்தவள் என்று சொல்லியிருக்கிறேன். படித்தவள்தானே.

மார்ச் 11, சனி

மேனேஜர் சனிக்கிழமைதோறும் பத்து நிமிடம் ஒதுக்கிவிட்டார். நூல் கோன் வந்த காலி அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு வைத்தோம், கேள்விச் சீட்டுப் போட. ஒரே வாரத்தில் நாற்பத்தொரு சீட்டு. தாலி கட்டிப் பிள்ளை பெற்றுப் பேரன் எடுத்தவர்களெல்லாம் இத்தனை கேள்வியை எங்கே ஒளித்து வைத்திருந்தார்கள் என்று தெரியவில்லை.

செத்துப்போன நட்சத்திரம்கூட வானத்தில் தெரியுமாமே, நிஜமா? இன்று இதைத்தான் எடுத்தேன். நாம் அனுப்பும் பெட்டி கப்பலில் போய்ச் சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். இன்று அனுப்பிவிட்டு நாளைக்கே கம்பெனியை மூடினாலும், பெட்டி போய்ச் சேரும். அங்கே பிரிக்கிறவனுக்குக் கம்பெனி மூடியது தெரியாது. நட்சத்திர வெளிச்சமும் அப்படி வழியில் வருகிற பெட்டிதான் என்றேன். "கம்பெனிய மூடற பேச்ச மட்டும் விட்டுருங்கக்கா" என்று மேனேஜர் மைக்கை வாங்கிச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

தைத்த பனியனில் பிசிர் நூல் வெட்டும் தெய்வாத்தாக்கா சிரிக்கவில்லை. அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. எதையும் லேசில் நம்பமாட்டார். தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிற மாதிரி என் பேச்சையும் தட்டித் தட்டிப் பார்ப்பார். "செரி அம்மணி, இதச் சொல்லு. ஒருத்தி கொட்டாவி உட்டா பக்கத்துல இருக்கறவளுக்கும் ஏன் வருது?" என்றார்.

எனக்குத் தெரியாது. ஆனால் மைக் கையில் இருந்தது. நம் உடம்பில் ஆக்சிஜன் குறைகிறது, ஒரே அறையில் இருக்கும் எல்லோருக்கும் குறைகிறது என்று அடித்துவிட்டேன். அவர் "ஓ" என்றார். அந்த 'ஓ' எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 25, சனி

மேனேஜருக்கு ஏக சந்தோஷம். வெளிநாட்டு பையர் ஆள் வந்து பார்த்துவிட்டுத் தொழிலாளர் நலனுக்கு நல்ல காரியம் என்று எழுதிக்கொண்டு போனாராம். "இதை நிரந்தரமாப் பண்ணிறலாங்க்கா. தகுதியானவங்கதான் நடத்தறாங்கன்னு பைல்ல காட்டோணும். உங்க டிகிரி சர்டிபிகேட் ஜெராக்ஸ் ஒண்ணு குடுத்துருங்க."

பீரோவில் இருக்கிறது, தேடி எடுத்து வருகிறேன் என்றேன்.

மார்ச் 27, திங்கள்

பீரோவைத் தேடவில்லை.

ஏப்ரல் 15, சனி

மேனேஜர் மூன்றாவது முறை சர்டிபிகேட் கேட்டார். நல்லவேளையாக இன்று சொல்வதற்குப் பெரிய சேதி இருந்தது. நேற்று டிவியில் சொன்னார்கள்: இந்த மாதம் 24ஆம் தேதி பகல் 12.07க்குச் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், நட்டு வைத்த எதற்கும் நிழலே விழாது. மைக்கில் அறிவித்துவிட்டேன். நம் கம்பெனிக் கொடிக்கம்பத்தின் நிழல் எல்லோர் கண் முன்னாலும் காணாமல் போகும் என்றேன். 'என் பேச்சு பொய்த்தால் மைக்கைத் தொடமாட்டேன்' என்றும் சேர்த்துக்கொண்டேன். கை தட்டினார்கள்.

தெய்வாத்தாக்கா மட்டும், "நிழலு போவுமா? அதெங்க போவும்?" என்றார்.

ஏப்ரல் 24, திங்கள்

போகவில்லை.

ஏப்ரல் 25, செவ்வாய்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

மேனேஜர் பெரிய மனது பண்ணி 12.05க்கே மெஷின்களை நிறுத்தினார். ஷிப்மெண்ட் நெருக்கடியில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று எங்களுக்குத்தான் தெரியும். நூற்றெண்பது பேர் கொடிக்கம்பத்தைச் சுற்றி நின்றோம். 12.07 ஆயிற்று. கம்பத்தின் அடியில் முழங்கை நீளத்துக்கு நிழல், கறுப்பாக, பெயின்ட் அடித்த மாதிரி கிடந்தது. 12.10 வரை நின்றோம். யாரோ, "மணியக்காவ விட்டுப் போக மனசில்லையாட்ட இருக்குது, கொஞ்சம் நில்லுங்க" என்றார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒவ்வொருவராக உள்ளே போனார்கள்.

இன்று காலை மேனேஜர் டேபிளுக்கே வந்துவிட்டார். எல்லோரும் இருந்தார்கள். "நேத்தைக்கு நடந்ததை உடுங்க. அந்த சர்டிபிகேட் மட்டும் குடுத்துருங்க, பைல முடிச்சர்றேன்."

நான் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து டேபிளில் வைத்தேன். "சர்டிபிகேட் இல்லீங்க. கடைசி வருசம் ஒரு பேப்பர் நின்னுபோச்சு. நாலு மார்க். அந்த வருசமே அப்பா தவறிட்டார். திரும்பப் போய் எழுதல."

"என்ன பேப்பருங்க்கா?"

"ஒளியியல். வெளிச்சம், நிழல், கண்ணாடி, அதெல்லாம்."

யாரோ சிரித்துவிட்டார்கள். நான் யாரென்று திரும்பிப் பார்க்கவில்லை. மேனேஜர் நல்ல மனிதர், குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்: "அப்ப மைக்கை உட்டுருங்க்கா. பாட்டுப் பெட்டி ரெடியாயிருச்சு." மத்தியானம் பாட்டுப் போட்டார்கள். கேள்விப் பெட்டியில் யாரோ டீ கப்பைப் போட்டிருந்தார்கள்.

ரொம்ப அவமானமாக இருந்தது. டிகிரி போனதற்கு இல்லை. அது இருபத்திரண்டு வருடப் பழைய கதை. அடுத்தவர்களின் பீஸை முன்பின் பார்க்காமல் திருப்பி அனுப்புகிறவள், என் பீஸைச் சரிபார்க்காமல் அனுப்பியிருக்கிறேன்.

ஏப்ரல் 26, புதன்

கண்டுபிடித்துவிட்டேன். என்னைச் செருப்பாலேயே அடித்துக்கொள்ள வேண்டும்.

டிவியில் சொன்னது சென்னைக் கணக்கு. சூரியன் தை மாதத்திலிருந்து நாளுக்குக் கொஞ்சமாக வடக்கே ஏறிக்கொண்டு போகிறது. முதலில் கன்னியாகுமரிக்கு உச்சியில் நிற்கும், பிறகு மேலே வந்து எங்களுக்கு, அதற்கப்புறம்தான் சென்னைக்கு. நான் 24ஆம் தேதி எல்லோரையும் வெயிலில் நிறுத்தியபோது சூரியன் எங்களைத் தாண்டிப் போய் அஞ்சாறு நாள் ஆகியிருக்கிறது. நேரமும் தப்பு. கடிகாரம் நாடு முழுவதற்கும் ஒரே சைஸாகத் தைத்தது, சூரியன் ஊருக்கு ஊர் அளவெடுத்து வருகிறது. சென்னைக்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு நிமிடம் கழித்துத்தான் திருப்பூருக்கு உச்சி.

எல் சைஸ் பீஸை எம் சைஸ் சார்ட்டை வைத்து அளந்திருக்கிறேன். செக்கிங்குக்கு வந்த முதல் நாள் பொண்ணு பண்ணுகிற தப்பு.

இன்னொன்றும் இருக்கிறது. வடக்கே போன சூரியன் திரும்பி வரும். வரும்போது இன்னொரு முறை எங்கள் தலைக்கு மேல் நிற்கும். எந்த நாள் என்று யாரையும் கேட்கப்போவதில்லை. அளந்து பார்த்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 28, வெள்ளி

என் வீட்டுக்காரர் ஆறுசாமி டெம்போ ஓட்டுகிறார். துணி ரோல்களைச் சாயப்பட்டறைக்கும் கம்பெனிகளுக்கும் கொண்டுபோவது தொழில். ரோலுக்கு நடுவே இருக்கும் அட்டைக் குழாய் ஒன்று வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்காமல் நேற்றுக் காலையே இறக்கி வைத்தார். சரியாக நூற்றைம்பது சென்டி. நூல் கோனை வைத்துப் பார்க்கலாம் என்று முதலில் நினைத்தேன். அது அடியில் அகலம், சின்ன நிழலைத் தன் வயிற்றுக்குள்ளேயே மறைத்துக்கொள்ளும். குழாய் பொய் சொல்லாது.

கம்பெனி பின்பக்கச் சிமெண்டுத் தரையில் நிறுத்தினேன். கட்டிட வேலைக்காரர் விட்டுப்போன தூக்குக்குண்டைப் பிடித்து நேராக்கினேன். 12.10லிருந்து 12.28 வரை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தேன். நிழல் சுருங்கிச் சுருங்கி 12.19ல் எட்டு சென்டி, பிறகு நீள ஆரம்பித்தது. அதுதான் எங்கள் ஊர் உச்சி. நிழல் தெற்குப் பக்கம் விழுந்திருந்தது. நேற்று ஏழு. நாளுக்கு ஒரு சென்டிக்குச் சற்றுக் குறைவாக வளர்கிறது. பின்னோக்கி எண்ணினால் ஏப்ரல் 19. அன்றைக்கு நான் டேபிளில் குனிந்து பனியன் அளந்துகொண்டிருந்தேன். தலைக்கு நேர் மேலே நின்றுவிட்டுப் போயிருக்கிறது.

சாப்பாட்டு மணி 12.30க்குத்தான். அதற்கு முன்னால் தினமும் வெளியே வர எனக்கு ஒரே வழிதான் இருக்கிறது. 12.10 ஆனால் ஒண்ணுக்குப் போகிறவள் என்று பெயர் வாங்கினாலும் பரவாயில்லை.

மே 2, செவ்வாய்

பதினொன்று. டேபிளுக்குப் பின்னால் என் பழைய அளவுச் சார்ட்டின் மறுபக்கத்தில் குறித்து வருகிறேன்.

மே 9, செவ்வாய்

தெய்வாத்தாக்கா பின்னாலேயே வந்துவிட்டார். "சக்கரை நோவு கிக்கரை நோவு வந்துருச்சாக்கும்னு பாக்க வந்தன். இங்க குழாயக் கட்டிப் புடிச்சுட்டு நிக்கற."

சொன்னேன். சென்னைக் கணக்கு, சார்ட் மாறிப்போனது, எல்லாவற்றையும். அவர் நிழலைப் பார்த்தார். "தெக்கால உழுகுது" என்றார். கம்பெனிக்கு வருமுன் அத்தனை வருடம் வெயிலில் வேலை செய்தவர், நடு மத்தியானத்தில் நிழல் தெற்கே விழும் என்று கவனித்ததில்லை. "எப்பவும் வடக்காலதான உழுகும்?"

"இந்த நாலு மாசம் மட்டும் தெக்கால. சூரியன் நமக்கு வடக்கே போயிருச்சுல்ல."

அவர் என் கையிலிருந்து டேப்பை வாங்கித் தானே ஒருமுறை அளந்தார். நான் எழுதியிருந்த பதினாறரையோடு ஒத்துப் பார்த்தார். இந்த முறை 'ஓ' வரவில்லை.

மே 19, வெள்ளி

பழைய அரியர் வைத்திருப்பவர்களுக்கு யூனிவர்சிட்டி ஒரு சிறப்பு வாய்ப்புத் தருகிறதாம், பேப்பரில் போட்டிருந்தது. இருபத்திரண்டு வருடம் கழித்து யாராவது போய் எழுதுவார்களா என்ன. சிரிப்புதான் வந்தது. பேப்பரை வெட்டி டைரிக்குள் வைத்தேன். பின்பக்கம் நல்ல கோலம் ஒன்று இருந்தது.

மே 22, திங்கள்

போஸ்ட் ஆபீஸில் ஒரு வேலை. அளவு: மேகம்.

ஜூன் 10, சனி

கேள்விப் பெட்டியில் மறுபடி சீட்டு விழ ஆரம்பித்திருக்கிறது. மைக் இல்லாததால் டீ நேரத்தில் என் டேபிளைச் சுற்றி நின்று கேட்கிறார்கள். கொதிக்கிற தண்ணீர் பட்டதைவிட இட்லி ஆவி பட்டால் ஏன் அதிகமாகச் சுடுகிறது? தண்ணீர் ஆவியாகப் போகும்போது ஏகப்பட்ட சூட்டை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு போகிறது. நம் கையில் பட்டுத் திரும்பத் தண்ணீரானதும் அத்தனையையும் கையிலேயே அவிழ்த்துக் கொட்டுகிறது. ஸ்டீம் அயர்ன் பண்ணுகிற பெண்கள் தங்கள் தழும்புகளைக் காட்டினார்கள்.

வானம் எங்கே முடிகிறது என்று ஒரு சீட்டு. "தெரியாது" என்றேன். இந்த வார்த்தையை நான் கம்பெனியில் சொன்னது இதுதான் முதல் தடவை. யாரும் சிரிக்கவில்லை. "உங்களுக்கே தெரியாதா, இல்ல யாருக்குமே தெரியாதா?" என்று ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. "யாருக்குமே" என்றேன். அவளுக்கு அதில் ஏனோ பெரிய திருப்தி.

பழைய புத்தகக் கடையில் ஒரு புத்தகம் வாங்கினேன். சும்மா புரட்டிப் பார்க்க.

ஜூன் 22, வியாழன்

முப்பத்திரண்டரை. நான்கு நாளாக இதே அளவு. நிழல் இதற்கு மேல் வளரப் போவதில்லை, சூரியன் திரும்பப் போகிறது. எந்த நாள் சரியாகத் திரும்பியது என்று என் டேப்புக்குத் தெரியவில்லை. அவ்வளவு மெதுவாகத் திரும்புகிறது.

இப்போது சார்ட்டை நடுவில் மடிக்க வேண்டியதுதான். பனியனின் இரண்டு தோளும் சமமா என்று பார்க்க நடுவில் மடித்து ஒன்றின் மேல் ஒன்று வைப்போம். அதேதான். மடிப்பை 21ஆம் தேதி என்று வைத்து, ஏப்ரல் 19லிருந்து இந்தப் பக்கம் அறுபத்து மூன்று நாள் என்றால் அந்தப் பக்கமும் அறுபத்து மூன்று நாள். ஆகஸ்ட் 23 வருகிறது. மடிப்பு எங்கே என்று ஒரு நாள், ஒன்றரை நாள் சந்தேகம் இருப்பதால் 24 என்றும் வரலாம், 25 என்றும் வரலாம்.

ஜூலை 8, சனி

வீட்டில் வேலை முடிக்க நேரமாகிவிடுகிறது. வீட்டுக்காரர் இரண்டு நாளாக அவராகவே டீ போட்டு மேஜையில் வைத்துவிட்டுப் போகிறார். ஏன் என்று கேட்டால், "தூக்கம் வராம இருக்கோணும்ல" என்றார். எதற்குத் தூக்கம் வராமல் இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 15, சனி

லீவு. கோயம்புத்தூர். சொந்தத்தில் ஒரு விசேஷம் என்று கம்பெனியில் சொல்லியிருந்தேன். எழுதும்படியாக ஒன்றுமில்லை. மூன்று மணி நேரம் எழுதியதில் விரல்தான் வலிக்கிறது.

பஸ் ஸ்டாண்டுக்கு டெம்போவை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். "விசேசம் எப்படி?" என்றார். "நல்லா நடந்துச்சுங்க" என்றேன். கொஞ்ச தூரம் போனதும், "எல்லாக் கேள்வியும் எழுதிட்டயா?" என்றார். பேப்பர் வெட்டியதை மே மாதமே பார்த்திருக்கிறார். கோலத்தைப் பார்த்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அழுதேன். அவர் டெம்போவை நிறுத்தாமல் மெதுவாக ஓட்டினார்.

ஆகஸ்ட் 5, சனி

இன்று மேனேஜர் அறைக்குப் போனேன். தனியாகப் போகத்தான் நினைத்தேன். தெய்வாத்தாக்கா கூடவே வந்துவிட்டார்.

சார்ட்டை விரித்தேன். நூறு நாள் அளவு. மேகம் போட்ட நாட்களுக்குக் கோடு. கீழே எழுதியிருந்தேன்: ஆகஸ்ட் 24, ஒரு நாள் முன்பின். பகல் 12.23, ஒரு நிமிடம் முன்பின் (உச்சி நேரம் மாதத்துக்கு மாதம் சில நிமிடம் நகர்வதையும் சேர்த்துப் போட்ட கணக்கு). நிழல் பூஜ்யம், ஒரு சென்டி முன்பின்.

"மறுபடியுமா?" என்றார். "போன தடவையே ஓனர் என்னைக் காய்ச்சி எடுத்துட்டாருங்க்கா. இந்தத் தடவையும் தப்பாப் போனா?"

"இந்தத் தடவை நானே அளந்ததுங்க."

"கோவிச்சுக்காதீங்க. ஒரு சர்டிபிகேட் இருந்தாலாச்சு ஓனர்கிட்ட சொல்லிக்கலாம்."

தெய்வாத்தாக்கா முன்னால் வந்தார். "ஏனுங் தம்பி, சூரியன் சர்டிபிகேட்டப் பாத்துட்டா உச்சிக்கு வருது?"

மேனேஜர் சார்ட்டை ரொம்ப நேரம் பார்த்தார். அவரும் செக்கிங் டேபிளில் ஆரம்பித்து மேலே வந்தவர்தான். விரலால் எண்களைத் தடவிக்கொண்டே போனார். கடைசியில், "செரி. சாப்பாட்டு மணிய பத்து நிமிசம் முன்னால அடிக்கறன். நீங்க சொன்ன அளவுக்குள்ள நடந்தா மைக் உங்களுக்கு, யாரும் பைல் கேக்கமாட்டாங்க. நடக்கலைன்னா டேபிள்ல கூட இந்தப் பேச்சு இருக்கக்கூடாது. சம்மதமா?" என்றார்.

டீ நேரப் பேச்சும் போய்விடும். அந்தச் சீட்டுகள், அந்தத் தழும்புகள், எல்லாம். சம்மதம் என்றேன்.

ஆகஸ்ட் 10, வியாழன்

பதினொன்றரை. கிட்டத்தட்ட மே 2ல் இருந்த அளவுக்குத் திரும்பி வந்தாயிற்று. மடிப்பு பிசகவில்லை.

ஆகஸ்ட் 17, வியாழன்

ஆறு. அந்த ரிசல்ட் இந்த மாதக் கடைசியில் வருமாம். எதன் ரிசல்ட் என்று இங்கே எழுதப் போவதில்லை.

ஆகஸ்ட் 23, புதன்

மேகம்.

ஆகஸ்ட் 24, வியாழன்

12.20க்கு மணி அடித்தார்கள். எல்லோரும் பின்பக்கம் வந்தார்கள். ஆறு குழாய்களை இரண்டு இரண்டடி தள்ளி நட்டிருந்தோம். ஒவ்வொன்றின் அடியிலும் கட்டிங் கத்திரியால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜன்னல் வெட்டியிருந்தேன். மற்ற நாளில் குழாயின் அடியில் இருட்டாக இருக்கும். சூரியன் நேர் மேலே நின்றால் வெளிச்சம் குழாய் வழியே தரை வரை இறங்கும்.

வானம் முழுக்க நனைந்த துணி. 12.23 ஆயிற்று. குழாய்களுக்கு நிழல் இல்லை. எங்களுக்கும் இல்லை. எதற்குமே இல்லை. "பாருங்க, நெசமாவே நிழலக் காணம்" என்று ஒருவர் சொல்ல, கூட்டம் ஓவென்று சிரித்தது.

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "முடிஞ்சுதுங்களா?"

"முடியல" என்றது தெய்வாத்தாக்காவின் குரல். சார்ட்டைச் சுவரிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்து மேனேஜர் முகத்துக்கு நேரே பிடித்தார். எண்களைத் தவிர எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆனால் எந்த வரி எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்திருக்கிறார். "ஒரு நாள் முன்பின்னு போட்டிருக்குதல்ல? டாலரன்ஸ் முடியறதுக்கு முன்னால எந்தக் கம்பெனில பீஸ ரிஜெக்ட் பண்ணுவாங்க?"

கூட்டத்தில் அத்தனை பேரும் பனியன் தொழில். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. மேனேஜர் தலையைச் சொறிந்துகொண்டார். "நாளைக்கு ஒரு நாள்" என்றார்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எவ்வளவு நாள் கழித்துப் படித்தாலும் எனக்கு ஒன்றும் விட்டுப்போகக் கூடாது.

காலையிலிருந்தே வெயில். பதினொரு மணிக்கு ஒரு மேகம் வந்து என் உயிரை எடுத்துவிட்டுப் போயிற்று. 12.20க்கு மணி. இன்று சொல்லாமலே எல்லோரும் வந்தார்கள், ஓனர் கூட வந்து ஓரமாக நின்றார். பக்கத்துக் கம்பெனி ஆட்கள் மதில் மேல் ஏறிவிட்டார்கள். வீட்டுக்காரர் டெம்போவை வாசலிலேயே நிறுத்திவிட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

12.21. குழாய்களின் மேற்கே மெல்லிய நிழல், விரல் நீளத்துக்குக்கூட இல்லை. 12.22. அது குழாயின் அடிக்குள் நுழைய ஆரம்பித்தது. நூற்றெண்பது பேர் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பதை மதில் மேல் இருந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ.

12.23. நிழல் இல்லை. ஆறு குழாயும் வெறும் வெயிலில், தரையில் ஒட்டி வைத்த படம் போல நின்றன. என் நிழல் என் செருப்புக்கடியில் இருந்தது. பக்கத்தில் நின்றவர்களின் நிழலும் அவரவர் காலடியில். ஒருத்தி காலைத் தூக்கிப் பார்த்தாள்.

தெய்வாத்தாக்கா தரையில் மண்டியிட்டு முதல் குழாயின் ஜன்னலில் கண்ணை வைத்தார். "எறங்கிருச்சு" என்றார். "அம்மணி, வெளிச்சம் அடி வரைக்கும் எறங்கிருச்சு. வட்டமா, தோசையாட்ட கெடக்குது." பிறகு எழுந்து என் கழுத்திலிருந்து டேப்பை உருவி, குழாயின் வடக்குப் பக்கம் அளந்தார். அங்கே மங்கலாக ஒரு கோடு இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், இருந்தது. நேற்றே உச்சியைத் தாண்டிவிட்டதால் அந்தக் கோடு.

"ஒரு சென்டிகூட இல்ல" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "டாலரன்ஸுக்குள்ளதான் இருக்குது. பாஸ்."

அப்போது எழுந்த சத்தம் பக்கத்துத் தெரு வரை கேட்டிருக்கும். என்னைத் தூக்கிவிட்டார்கள். நான் அறுபத்தெட்டு கிலோ, தூக்கியவர்கள் பாவம். மேனேஜர் ஒவ்வொரு ஜன்னலாகக் குனிந்து ஆறையும் பார்த்தார். ஏழாவது ஒன்று இருந்தால் அதையும் பார்த்திருப்பார். ஓனர் பேண்ட்டோடு தரையில் மண்டி போட்டார். வீட்டுக்காரர் கூட்டத்துக்கு வெளியே நின்று கை தட்டிக்கொண்டிருந்தார், சாவியோடு, சலங் சலங்கென்று.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. ரொம்ப சந்தோஷம்.

ஆகஸ்ட் 26, சனி

காலையில் ரிசல்ட். ஒளியியல், அறுபத்து நான்கு. எழுதிவிட்டேன், போதும். மார்க் வந்த தாளை ஜெராக்ஸ் எடுத்து மேனேஜர் மேஜையில் வைத்தேன். அவர் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். "இனி இது எதுக்குங்க்கா?"

"பைல்ல கெடக்கட்டும். நீங்க கேட்டீங்கல்ல."

மத்தியானம் மைக். பெட்டி நிறைந்து வழிந்தது. ஆனால் சீட்டு எதையும் எடுக்கவில்லை. முதலில் ஒரு பழைய பீஸைத் திருப்பி எடுக்க வேண்டியிருந்தது.

"மார்ச்சுல தெய்வாத்தாக்கா ஒரு கேள்வி கேட்டாங்க. கொட்டாவி ஏன் தொத்திக்குதுன்னு. ஆக்சிஜன்னு சொன்னேன். அது தப்பு. ஆக்சிஜன் குறைஞ்சா கொட்டாவி வரும்கறது சரியில்லைன்னு சோதிச்சுப் பாத்துட்டாங்க. அப்புறம் ஏன் தொத்துதுன்னா, உலகத்துல பெரிய பெரிய ஆளுகளுக்கே இன்னும் முழுசாத் தெரியல. எனக்கும் தெரியல. அன்னைக்குத் தெரிஞ்ச மாதிரி சொன்னேன், மன்னிச்சுக்கோங்க."

கொட்டாவி, கொட்டாவி என்று இத்தனை முறை சொன்னதாலோ என்னவோ, மூன்றாவது லைனில் ஒருத்தி வாயைப் பிளந்தாள். அவளைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவள். பிறகு அந்த வரிசை முழுவதும். பிறகு எல்லா வரிசையும். சோற்று டப்பாவுக்கு மேலே நூற்றெண்பது பேர் கொட்டாவி விட்டுக்கொண்டே சிரித்தார்கள். மேனேஜர் கையால் வாயை மூடிக்கொண்டு திரும்பி நின்றார். எனக்கும் வந்துவிட்டது, மைக்கிலேயே.

அத்தனைக்கும் நடுவில் தெய்வாத்தாக்கா மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார். விரலை நீட்டி வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டிருந்தார்.

"யாரும் ஆடாதீங்க" என்றார். "மறுபடி மொதல்ல இருந்து உடுங்க. அளக்கோணும்."